மட்டக்களப்பு ஏஜென்சி மூலமா வியட்நாம் போய் வந்தம்: டிக்கட்டுக்கு நம்பலாம், பிளானுக்கு நம்பாதீங்க

முதல்லயே சொல்லிர்றன், ஏஜென்சிட பேர் போடல்ல, இன்பொக்ஸில வந்தும் கேக்காதீங்க. டவுனுக்குள்ள இருக்கிற இடம், ஏசி ரூம், சுவர் முழுக்க ஈபிள் டவரும் மெர்லயனும் ஒட்டி வச்சிருப்பாங்க, நம்மட ஊரில இப்படி நாலஞ்சு இருக்கு, எதுக்குப் போனாலும் கதை கிட்டத்தட்ட இதுதான் எண்டு போய்வந்த மற்றாக்களும் சொன்னாங்க, அதால எழுதுறன்.

நாங்க நாலு பேர். நானும் இவரும், ஓ.எல் சோதினை எழுதிட்டு வீட்டில போனோட கிடந்த மகன், மறுகா 72 வயசில என்ட அம்மா. அம்மாதான் இதுக்கெல்லாம் காரணம் எண்டு சொன்னா நம்ப மாட்டீங்க. கொரோனா நேரம் வியட்நாமில மி சோன் எண்ட இடத்தில தோண்டக்க ஒரே கல்லில செஞ்ச முழு சிவலிங்கம் ஒண்டு வந்த செய்தி யாரோ வட்ஸ்அப்பில அனுப்ப, அதை அழிக்காம வச்சிருந்து வாறவ போறவக்கெல்லாம் காட்டுவா. இவருக்கு பழைய நகரங்கள் பாக்கணும், வயல்வெளி பாக்கணும். எனக்கு ஐரோப்பா ஆசைதான், ஆனா அந்த விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கொழும்புக்கு அலையிறதும் நினைச்சாலே தலையிடி, வியட்நாமெண்டா வீட்டில இருந்தே ஈ-விசா, சரி எண்டு போனம்.

கவுண்டரில இருந்த தங்கச்சி நல்ல பிள்ளை, அதை மறைக்க ஏலாது, ஆனா அவ எடுத்துத் தந்த பேக்கேஜைப் பாத்திட்டு இவர் சிரிச்சே போட்டார். ஏழு நாள் ஆறு இரவு. அதுக்குள்ள ஹனோய், ஹாலோங் பே, சாப்பா மலை, டா நாங், அந்த ரெண்டு கை தாங்கிற மாதிரி இருக்கிற தங்கப் பாலம், ஹோய் ஆன், சைகோன், கூ ச்சி சுரங்கம். ஹனோயில இருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீற்றர், பொத்துவிலில இருந்து பருத்தித்துறைக்கு எத்தினை தரம் போய் வரலாம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க. பிளேனில போறதுதானே அன்டி எண்டா அவ. பிளேனில போனாலும் ரெண்டு மணித்தியாலம் முந்திப் போய் எயாப்போட்டில குந்தணுமே புள்ள, அது நாளில்லையா? இவங்க இடத்தைத்தான் எண்ணுறாங்க, நேரத்தை எண்ணுறல்ல. எட்டு இடம் எண்டு போட்டா விலை கூடக் கேக்கலாம், அவ்வளவுதான் விசயம்.

இன்னொரு பெரிய பிழை, டிசம்பருக்குப் போட்டுத் தந்தாங்க, ஸ்கூல் லீவு எண்டு. இதை எல்லாரும் கவனிங்க. வியட்நாமிட நடுப்பக்கம், அதாவது ஹுவே, டா நாங், ஹோய் ஆன், அந்தப் பக்கத்து மழை நம்மட மாரியோட சேந்துதான் வரும், செப்டெம்பரில தொடங்கி டிசம்பர் வரைக்கும் ஊத்தும், ஒக்டோபர் நவம்பரில ஹோய் ஆன் பழைய ரவுனுக்குள்ள வள்ளம் விடுற அளவுக்கு வெள்ளம் வாற வருசமெல்லாம் இருக்கு. மட்டக்களப்பு வெள்ளத்துக்குத் தப்பி காசு கட்டி ஹோய் ஆன் வெள்ளத்துக்குள்ள போய் நிக்கிறதா? ஜனவரி கடைசி, பெப்ரவரியில அவங்கட புது வருசம் டெத் வரும், கடை கண்ணி எல்லாம் பூட்டு. ஏப்ரல் கடைசி நாளும் மே ஒண்டும் அவங்களுக்கு லீவு, சனம் நெரியும். நாங்க சித்திரை வருசத்துக்கு முந்திப் போய் வந்தம், நடுவில நல்ல வெயில், வடக்கில மட்டும் கொஞ்சம் தூறல், அந்தக் காலம்தான் சரி எண்டு இப்பவும் சொல்லுவன்.

அந்தப் பேக்கேஜை வச்சிட்டு வீட்ட வந்து இவரும் மகனும் ரெண்டு கிழமை மேப்போட இருந்து பிளானை மாத்தினாங்க. ஹனோய் ரெண்டு இரவு, நின் பின் ரெண்டு இரவு, ஒரு இரவு ரயிலில, ஹுவே ரெண்டு, ஹோய் ஆன் ரெண்டு. சைகோன், சாப்பா, ஹாலோங் எல்லாம் வெட்டு. ஹாலோங்கை வெட்டினதுக்கு அந்தத் தங்கச்சி முகம் வாடிப் போயிற்று, ஆக்கள் அதுக்குத்தானே போறவங்க எண்டு. இன்னொண்டு, அவங்க போட்டது ஹனோயில இறங்கி மறுகா ஹனோயிலயே ஏறுற மாதிரி, நாங்க கேட்டு ஹனோயில இறங்கி டா நாங்கில ஏறுற மாதிரி மாத்தினம், ரெண்டு பக்கமும் கோலாலம்பூர் வழி. அதால ஒரு உள்நாட்டு பிளேனும் முக்கால் நாளும் மிச்சம். விலையில பெரிசா வித்தியாசமும் இல்ல. ஏன் முதல்லயே இப்படிப் போடல்ல எண்டு கேட்டதுக்கு, ஒருத்தரும் கேக்கிறல்ல அன்டி எண்டு பதில்.

முதல் சொன்ன விலை ஆளுக்கு 3 லட்சத்து 85 ஆயிரம் ஏழு நாளுக்கு. நாங்க மாத்தினதுக்குப் பிறகு மூண்டு நாள் கூட, விலை 3 லட்சத்து 62 ஆயிரம். பத்து நாளுக்கு. இதை ரெண்டு தரம் வாசிங்க.

விசா கதைக்கு வாறன், இதில அவங்கள ஏசவும் வேணும் பாராட்டவும் வேணும். வியட்நாம் ஈ-விசா ஒரு தரம் போய்வர 25 டொலர், 90 நாள் வரைக்கும் தருவாங்க, அரசாங்க வெப்சைட்டிலயே நாமளே போடலாம். இவங்க ஆளுக்கு 15 ஆயிரம் ரூவா எடுத்தாங்க, அதாவது ரெண்டு மடங்கு. சரி உழைப்புத்தானே எண்டு விட்டா, அம்மாட விசாவில தகப்பன்ட பேரில ஒரு எழுத்துக் குறைவு. நம்மட பேர் தெரியும்தானே, அம்மாட பாஸ்போட்டில தகப்பன்ட பேரும் அவட பேரும் சேத்தா முப்பது எழுத்துக்குக் கிட்ட வரும், அதில ஒரு எச் விட்டுப்போச்சு. பாஸ்போட்டுக்கு அடியில ரெண்டு வரி அம்புக்குறி போட்டு வருமே, அதில இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து விசாவில இருக்கணும், இல்லாட்டி கட்டுநாயக்காவில செக்-இன் கவுண்டரிலயே திருப்பி விட்டிருவாங்க. இரவு பதினொரு மணிக்கு மகன்தான் கண்டுபிடிச்சான், போறதுக்கு எட்டு நாள். அந்தத் தங்கச்சிக்கு போன் அடிச்சா முதல் ரிங்கிலயே எடுத்து, அழுற குரலில மன்னிப்புக் கேட்டு, விடிய முந்தி புதுசா திருப்பிப் போட்டு, காசையும் அவங்களே கட்டி, அஞ்சாம் நாள் சரியான விசா கையில. பிழை அவங்கடதான், ஆனா பிழையைப் பிடிச்ச பிறகு ஒளிக்கல்ல. ஆனாலும் விசா பேப்பர் வந்த உடனே பாஸ்போட்டைப் பக்கத்தில வச்சு நீங்களே ஒருக்கா பாருங்க.

இனி போன கதை. வேனில பின்னேரம் வெளிக்கிட்டு ஹபரண, குருநாகல் வழியா கட்டுநாயக்கா, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச ரோட்டு.

ஹனோய் ஹோட்டல்தான் முதல் சண்டை. பழைய ரவுனுக்குள்ள, இடம் தங்கம், ஆனா அங்க வீடெல்லாம் குழாய் மாதிரி, முன்பக்கம் ஒரு கடை அகலம், பின்னால நீளத்துக்குப் போகும், மேல மேல கட்டியிருப்பாங்க. எங்கட ரூம் அஞ்சாம் மாடி. லிஃப்ட் இல்ல. வயசான ஆள் வாறா எண்டு நாங்க மூண்டு தரம் சொல்லியிருக்கம். அம்மா ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு "இது கதிர்காமத்துக்கு நடக்கிறதை விடக் கஷ்டம்டா மனே" எண்டு மகனுக்குச் சொல்லிச் சொல்லி ஏறினா. ரெண்டாம் நாள் கீழ் ரூம் ஒண்டு காலியாகி மாத்தித் தந்தாங்க, அதுவும் ஹோட்டல்காரப் பொடியன்ட நல்ல மனசு, ஏஜென்சி செஞ்ச வேலை இல்ல.

ஹனோயில இலக்கியக் கோயில் எண்டு ஒண்டு, 1070ல கட்டினது, கன்பூசியஸுக்கு. அங்க கல்லு ஆமைகளுக்கு மேல பெரிய கல்வெட்டு, 82 இருக்கு, பழைய காலத்தில அரச பரீட்சை பாஸ் பண்ணின ஆக்கள்ட பேர் எல்லாம் வெட்டியிருக்கு. சோதினைக்கு முந்தி பிள்ளைகள் வந்து ஆமைட தலையைத் தடவிட்டுப் போறதாம், தடவித் தடவித் தேஞ்சு போயிரும் எண்டு இப்ப வேலி போட்டிருக்காங்க. எங்கட ஆளுக்கு ரிசல்ட் வரல்ல, வேலிக்கு வெளிய நிண்டு கையை நீட்டிப் பாக்கிறான், எட்டல்ல. சோதினை எழுதி முடிச்ச பிறகு தடவி என்னடா செய்யிற எண்டு இவர்.

இந்தப் பயணத்தில நான் நிறைய நேரம் சொல்ல விரும்புறது நின் பின் பத்தி. ஏஜென்சி போட்டது ஹனோயில இருந்து காலமே போய் பின்னேரம் திரும்பிற மாதிரி, நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, போக ரெண்டு மணித்தியாலம் வர ரெண்டு. நாங்க சண்டை பிடிச்சு ரெண்டு இரவு போட்டம். நம்மட படுவான்கரையை எடுத்து, அந்த வயலுக்கு நடுவில அங்கங்க குடும்பிமலையைக் கொண்டு வந்து நட்டு வச்சா எப்படி இருக்கும், அதுதான் நின் பின். சுண்ணாம்புக் கல்லு மலை, நெட்டுக்கு நிக்கும், அடியில ஆறு, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் வயல். நாங்க போகக்க பயிர் பச்சை, மே கடைசியிலதான் மஞ்சளாகுமாம். தாம் கொக் எண்ட இடத்தில வள்ளம் ஏறினம், அந்தப் பேருக்கு மூண்டு குகை எண்டுதான் அர்த்தம், ஆறு மலைக்கு அடியால மூண்டு தரம் நுழைஞ்சு வெளிய வரும். ஒரு வள்ளத்துக்கு வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேர்தான், அதால ரெண்டு வள்ளம்.

வள்ளக்காரி காலால துடுப்புப் போடுறா. கையால இல்ல, காலால. பின்னால சாஞ்சு இருந்து, ரெண்டு பாதத்தையும் துடுப்புக்கு மேல வச்சு சைக்கிள் மிதிக்கிற மாதிரி, கை சும்மா, அந்தக் கையால போன் பேசுறா, தொப்பியைச் சரி பண்ணுறா, ஒரு கட்டத்தில தோடம்பழம் உரிச்சு அம்மாக்குக் குடுத்தா. அம்மாட தகப்பன் வாவியில தோணி தள்ளின ஆள், அம்மா அந்தக் காலையே பாத்திட்டு வந்தா, மலையைப் பாக்கல்ல. "ஐயா கண்டிருந்தா விட்டிருக்க மாட்டார், வீட்ட வந்து பழகிப் பாத்திருப்பார்" எண்டா. குகைக்குள்ள போகக்க தலைக்கு மேல கல்லு, ஒரு முழம்தான் இருக்கும், எல்லாரும் குனிஞ்சு, தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்.

இறங்கினதும் இவர் இளநி வாங்கினார், நாலு. காசை எடுத்து எண்ணிக் குடுத்திட்டு நடந்து வாறம், அந்த மனிசி பின்னால கத்திக் கொண்டு ஓடி வாறா, என்னமோ ஏதோ எண்டு பயந்திட்டம். பாத்தா இவர் 20 ஆயிரம் டொங் நோட்டெண்டு நினைச்சு 5 லட்சம் டொங் நோட்டைச் சேத்துக் குடுத்திருக்கார். ரெண்டும் நீல நிறம், ரெண்டிலயும் ஹோ சி மின் படம், கசங்காத பிளாஸ்டிக் நோட்டு. நம்மட காசில ஒரு லட்சம் டொங் கிட்டத்தட்ட 1,200 ரூவா, அப்ப 5 லட்சம் ஆறாயிரம் ரூவா. திருப்பித் தந்திட்டு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. அண்டைக்கு இரவே நீல நோட்டு ரெண்டையும் வேற வேற பேர்ஸில போட்டம். இதையெல்லாம் ஏஜென்சி குடுத்த எட்டுப் பக்கப் புத்தகத்தில ஒரு வரி எழுதியிருக்கலாம், அதில இருந்தது கம்பனி லோகோவும் நீச்சல் உடுப்புக் கொண்டு வாங்க எண்டதும்தான்.

பக்கத்தில ஹுவா லூ, அதுதான் 10ஆம் நூற்றாண்டில தலைநகரம், 1010ல ராசா தலைநகரை ஹனோய்க்கு மாத்திட்டார். இப்ப ரெண்டு கோயில், சுத்தி வயல், எருமை. சைக்கிளில போனம், ஒரு சனமும் இல்ல, எங்களுக்கு முன்னால ஒரு தாத்தா ரெண்டு வாத்தைக் கூடையில வச்சு மிதிச்சுக் கொண்டு போனார், அவ்வளவுதான் போக்குவரத்து.

நின் பின்னில இருந்து ஹுவேக்கு இரவு ரயில், இது ஏஜென்சி செஞ்ச வேலையில முதலாம் தரம், சும்மா சொல்லக் கூடாது. நாலு பேர் படுக்கிற ரூம், நாங்க நாலு பேர், கதவைப் பூட்டினா நம்மட வீடு. அம்மாக்கு கீழ்ப்படுக்கை கேட்டம், அப்படியே தந்தாங்க. நம்மட நைட் மெயிலில போய்ப் பழகின ஆக்களுக்கு இது சொர்க்கம், ஆனா டொய்லட் விசயத்தில ரெண்டும் அண்ணன் தம்பி.

ஹுவேயில அரண்மனைக் கோட்டை பெரிசு, ங்குயென் ராசாக்கள் 13 பேர், 1802ல இருந்து 1945 வரைக்கும் இருந்த இடம், கடைசி ராசா பாவோ டாய் அந்த முன்வாசல் மண்டபத்திலதான் 1945 ஆகஸ்ட் 30 முடியைக் கையளிச்சது. உள்ள பாதி வெறும் புல்லும் அத்திவாரமும். 1968 சண்டையில கனக்க அழிஞ்சு போயிற்று எண்டு வழிகாட்டி சொல்லக்க நாங்க மூண்டு பேரும் ஒண்டும் பேசல்ல, மகன்தான் ஏன் எதுக்கு எண்டு கேட்டுக் கொண்டு வந்தான்.

இங்கதான் எனக்கு சரியான கோவம் வந்தது. ராசா காய் டின்ட சமாதி, மலைச்சரிவில கறுப்பாக் கருங்கல் மாதிரி நிக்குது, உள்ள போனா சுவர் முழுக்கப் பீங்கான் துண்டும் கண்ணாடித் துண்டும் பதிச்சு மயில், பூ, கடல்நாகம், 1920ல தொடங்கி 11 வருசம் கட்டியிருக்காங்க. அதுக்கு எங்களுக்குத் தந்த நேரம் 25 நிமிசம். மறுகா ஒரு பட்டுக் கடையில 50 நிமிசம். "பாரம்பரியக் கைத்தொழில் பார்வையிடல்" எண்டு பிளானில எழுதியிருந்தது இதுதான். ஏசிக்குள்ள கோப்பி தந்து, ஒரு பிள்ளை பட்டுப்புழுவைக் காட்டிட்டு நேரா பில் போடுற பக்கம் கூட்டிப் போகுது. அம்மா அந்தச் சீலையைத் தடவிப் பாத்து "காத்தான்குடியில இதைவிட நல்லதா எடுக்கலாம்" எண்டு தமிழில சொல்லிட்டு அந்தப் பிள்ளைக்கு நல்லாச் சிரிச்சா. டா நாங்கில திரும்ப ஒரு முத்துக் கடை. ரெண்டாம் தரம் நாங்க வேனை விட்டு இறங்கல்ல, டிரைவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு, அவருக்கு அதில கமிஷன் இருக்கும்போல, பாவம். பேக்கேஜ் எடுக்கிற ஆக்கள் "கைத்தொழில்", "கலாசார நிலையம்" இந்தச் சொல்லெல்லாம் கண்டா அது என்ன இடம், எவ்வளவு நேரம் எண்டு எழுத்தில கேளுங்க. வாயால சொன்னா அயத்துப் போயிரும் அவங்களுக்கு.

ஹுவேயில இருந்து டா நாங்குக்கு பகல் ரயில், மூண்டு மணித்தியாலத்துக்குள்ள, இடப்பக்கம் இருங்க. ஹாய் வான் மலையை வளைஞ்சு போகக்க கீழ கடல் முட்டிக் கொண்டு நிக்கும்.

ஹோய் ஆன் ஹோட்டல் "பழைய நகருக்கு அருகில்" எண்டு எழுதியிருந்தது. நாலு கிலோமீற்றர். ஹோட்டல் நல்லம், வயலுக்கு நடுவில, சைக்கிள் சும்மா தந்தாங்க, எனக்கும் மகனுக்கும் சந்தோசம்தான், ஆனா அம்மாக்கு ஒவ்வொரு தரமும் டாக்சி பிடிக்க வேண்டியிருந்தது, அந்தக் காசு எங்கட பொக்கட்டில. ரவுன் வடிவுதான், மஞ்சள் சுவர், ஓடு, இரவில லாம்பு, ஆனா இரவு ஏழு மணிக்கு மாமாங்கத் தீர்த்தத் திருவிழா மாதிரி சனம், காலமே ஆறு மணிக்குப் போனா ஊர்க்காரர் மட்டும், வாசல் கூட்டிக் கொண்டிருப்பாங்க. யப்பான்காரர் கட்டின மூடு பாலத்துக்குப் போன நேரம் மகன் பேர்ஸில இருந்து 20 ஆயிரம் டொங் நோட்டை எடுத்துத் திருப்பிப் பிடிச்சு "அப்பா இஞ்ச பாருங்க, இதுதான் அந்தப் பாலம், 5 லட்சத்தில இது இல்ல, இனி மாறாது" எண்டான். நோட்டுக்குப் பின்பக்கம் அதே பாலம்.

மி சோன். முதல் பேக்கேஜில இது இல்லவே இல்ல, யோசிச்சுப் பாருங்க, மட்டக்களப்பில இருந்து ஆக்களைக் கூட்டிப் போறவங்க சிவன் கோயிலை விட்டிட்டுத் தங்கப் பாலம் காட்டுறாங்க. ஹோய் ஆனில இருந்து 40 கிலோமீற்றர், டிக்கட் நாங்க போகக்க ஒன்றரை லட்சம் டொங், விடிய வெள்ளனப் போங்க, ஒன்பது மணிக்குப் பிறகு வெக்கை தாங்க ஏலாது. அந்தக் காலத்தில நடு வியட்நாமை ஆண்ட சம்பா ராசாக்கள் 4ஆம் நூற்றாண்டில தொடங்கி ஆயிரம் வருசத்துக்குக் கிட்டக் கட்டின இடம், பத்ரவர்மன் எண்ட ராசா பத்ரேஸ்வரர் எண்டு சிவனுக்குக் கட்டினதுதான் முதல் கோயில். மலைக்கு நடுவில செங்கல்லுக் கோபுரங்கள், கல்லுக்குக் கல்லு இடையில சாந்து கண்ணுக்குத் தெரியாது. 1969ல அமெரிக்கக் குண்டு விழுந்து பெரிய கோபுரம் போயிற்று, குண்டு விழுந்த குழி இன்னும் இருக்கு, புல்லு முளைச்சு. இந்தியாவில இருந்து தொல்லியல் ஆக்கள் வந்து திருத்தின பக்கம்தான் அந்த லிங்கம் வந்தது.

தலையில்லாத நந்தி ஒண்டுக்கு முன்னால அம்மா நிண்டு கொண்டு, கொக்கட்டிச்சோலையில கல்லு நந்தி புல்லுத் திண்ட கதையை மகனுக்குத் திருப்பிச் சொன்னா, அவன் நூறு தரம் கேட்ட கதை, பேசாம கேட்டான். மறுகா லிங்கத்துக்கு முன்னால வந்தா. விளக்கில்ல, பூவில்ல, ஐயரில்ல, மணியில்ல, ஒரு போர்ட் மட்டும். அம்மா பேக்கில இருந்து மாமாங்கேஸ்வரர் கோயில் திருநீத்துப் பொட்டணத்தை எடுத்தா, லிங்கத்தில வைக்கப் போறா ஏச்சு விழப் போகுது எண்டு நான் கையைப் பிடிச்சன். வைக்கல்ல. தன்ட நெத்தியில பூசிட்டு எங்களுக்கும் பூசி விட்டா, தேவாரம் சத்தமில்லாம வாய்க்குள்ள. அங்க நிண்ட காவலாளி அம்மாவைப் பாத்தார், நெத்தியைப் பாத்தார், எங்களுக்குப் பின்னால வந்த கூட்டத்தைக் கையைக் காட்டிக் கொஞ்சம் நிப்பாட்டினார். ஒரு நிமிசம் இருக்கும்.

சாப்பாடு சுருக்கமாச் சொல்றன், மரக்கறி ஆக்கள் "சாய்" எண்ட ஒரு சொல்லைப் பாடமாக்குங்க, அதுதான் அவங்கட சைவம். போர்ட்டில அப்படி எழுதின கடைக்குப் போனாத்தான் மீன் சோஸ் இல்லாம வரும், மற்றக் கடையில மரக்கறி எண்டு சொன்னாலும் அந்தச் சோஸை ஊத்திருவாங்க. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அங்கயும் கனபேர் சைவம், அண்டைக்கு எல்லாக் கடையிலயும் கிடைக்கும். அம்மா கொண்டு வந்த அரிசிமாப் பொரியும் சீனியும் ரயிலில முடிஞ்சிற்று.

மார்க் போடச் சொன்னா, டிக்கட்டுக்கும் ரயிலுக்கும் அஞ்சுக்கு நாலரை. விசாவுக்கு மூண்டு, அதுவும் அந்தத் தங்கச்சிக்காக. ஹோட்டலுக்கு ரெண்டு. பிளானுக்கு ஒண்டும் தர மாட்டன், ஏனெண்டா அது எங்கட பிளான்.

போன கிழமை அவங்கட பேஸ்புக்கில புதுப் பேக்கேஜ் ஒண்டு கண்டன். பத்து நாள், ஹனோயில இறங்கி டா நாங்கில ஏறுறது, நின் பின் ரெண்டு இரவு, இரவு ரயில், "மி சோன் சிவாலய தரிசனம்" எண்டு கொட்டை எழுத்தில, கீழ என்ட அம்மா நெத்தியில திருநீத்தோட நிக்கிற போட்டோ, நாங்கதான் நன்றி எண்டு சொல்லி அனுப்பினது. விலை ஆளுக்கு 4 லட்சத்து 10 ஆயிரம். அம்மாக்குக் காட்டினன், சந்தோசப்பட்டா. கீழ இறக்கிப் பாத்தா ஹனோய் ஹோட்டல் அதே ஹோட்டல்தான், லிஃப்ட் வச்சிட்டாங்களா எண்டு கேட்டு ஒரு கொமென்ட் போட்டன், இன்னும் பதில் இல்ல.